ஆள் பஞ்சமா, கைப்பஞ்சமா? பயிற்சி நிலையங்களோடு சேர யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனங்களுக்கு ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர் முதல் நாற்பது பேர் வரை வைத்து வேலை நடத்தும் யாரோடு பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் "ஆள் கிடைக்குதில்லை" என்ற பேச்சு வந்துவிடும். அதே கிழமை ஒரு பயிற்சி நிலையத்துப் பொறுப்பதிகாரியிடம் போனால், "முடிச்ச பெடியளை எடுக்க ஒருத்தரும் வருகினமில்லை" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாளி தேடுவது நாளைக்கே தனியாக அனுப்பக்கூடிய கையை. நிலையம் தருவது பழகத் தயாராக இருக்கும் ஆளை. நடுவில் கிடக்கும் ஆறு மாதமோ ஒரு வருடமோ யார் தலையில் விழுவது என்பதுதான் வழக்கு.

ஒருகாலத்தில் அந்த நடுப்பகுதியைப் பெரிய வேலைத்தலங்கள் சுமந்தன. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950-இல் தொடங்கியது. பிற்றர், வெல்டர், மின் வேலைக்காரர் என்று பழகுவதற்கு அங்கே இடம் இருந்தது. 1990-இல் போரோடு ஆலை நின்றது. கைபழகும் இடமும் அதோடு போனது. அந்தப் பாரம் இன்று எட்டுப் பேர் வைத்திருக்கும் ஏசிக் கடைக்காரரின் முதுகில் இருக்கிறது.

பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஐந்து வழிகள் உண்டு. இருக்கிற ஆட்களின் அனுபவத்துக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொடுக்கலாம். படிப்பு முடித்தவர்களை வேலைத்தலப் பயிற்சிக்கு எடுக்கலாம். பயிலுநரைப் பதிந்து வளர்க்கலாம். டிப்ளோமா அல்லது பல்கலைக்கழக மாணவரை இன்டர்னாக வைக்கலாம். நாலு கடை சேர்ந்து ஒரு நிலையத்தோடு குறுங்கால வகுப்பு நடத்தலாம். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. எதை வைத்து அளப்பது என்பதைச் சொல்லலாம்.

## முதலில் அளவுகோல்கள்

எத்தனை மாதத்தில் தனியாக அனுப்பலாம்? உதவிக்கு நிற்பது வேறு. வாடிக்கையாளர் வீட்டுக்குத் தனியாகப் போய், வேலையை முடித்து, பில் எழுதிக்கொண்டு வருவது வேறு. இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூத்தவரின் நேரம். எல்லா வழியிலும் ஒளிந்திருக்கும் பெரிய செலவு இதுதான். உதவித்தொகை எவ்வளவு என்று பேரம் பேசுகிற முதலாளி, தன் கடையின் சிறந்த கை ஒரு நாளில் ஒன்றரை மணித்தியாலம் படிப்பிப்பதற்குப் போகப்போகிறது என்பதைக் கணக்கில் போடுவதே இல்லை.

கையிலிருந்து போகும் காசு. பயணம், சாப்பாடு, பாதணி, பழகும்போது வீணாகும் பொருள், திரும்பிச் செய்யவேண்டிய வேலை எல்லாம் இதில் சேரும். நிரந்தரமாக எடுத்த பிறகு வருவதையும் இப்போதே போடுங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதன்மேல் தொழில்கொள்வோர் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர, அடிமட்டத்திலேயே 34,500 ரூபா ஆகிறது.

நிற்பாரா? "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்ற ஊர் இது. ஏ.எல். மறுதடவை எடுக்கப் போவது, அரச நியமனத்துக்குக் காத்திருப்பது, வளைகுடா, கனடா என்று கதவுகள் பல. ஆள் போகவே மாட்டார் என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். இரண்டு பேரில் ஒருவர் போனாலும் கணக்கு நட்டப்படாதபடி போடுங்கள்.

பாடத்தில் நம் கை எவ்வளவு படும்? சில வழிகளில் நிலையம் தருவதை அப்படியே எடுக்க வேண்டும். சிலவற்றில் நம் இயந்திரம், நம் வேலை முறை உள்ளே போகலாம்.

சான்றிதழ் ஆறாவது அளவுகோல். எல்லோருக்கும் தேவைப்படாது, கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) தகைமை பெற்ற ஆட்களின் விபரம் கேட்கும் அலுவலகங்களுக்கு வேலை செய்பவர்களுக்குத் தேவை.

## எந்த வழியானாலும் அதற்கு முன் ஒரு தாள்

"நல்ல ஏசி ரெக்னீசியன் வேணும்" என்று நிலையத்திடம் போய்ச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளில் உங்கள் வேலையைப் பத்து, பன்னிரண்டு செயல்களாக உடைத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போதுள்ள ஆட்களின் பெயரை எழுதி 0 முதல் 3 வரை புள்ளி போடுங்கள்: தெரியாது, பார்த்திருக்கிறார், கூட நின்றால் செய்வார், தனியாகச் செய்வார். 3 என்ற புள்ளி ஒரே ஒருவருக்கு மட்டும் இருக்கும் வரிசைதான் உங்கள் உண்மையான ஓட்டை. அவர் லீவு போட்டால் கடை நிற்கும்.

இன்வேர்ட்டர் ஸ்பிளிட் ஏசி பொருத்துவதை எடுத்துக்கொள்வோம். குளிரூட்டல் வட்டத்தைக் கேட்டால் பயிற்சி முடித்த பெடியன் படம் கீறி விளக்குவான். பிசகுவது வேறு இடத்தில். குழாயைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்யூம் பம்பால் இழுக்க வேண்டும். பழகிய முறை, "20 நிமிசம் ஓட விடு". சரியான முறை, உள்ளே இன்னும் எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று காட்டும் மைக்ரோன் கேஜைப் பார்ப்பது. 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கும்வரை இழுத்து, பம்பை அடைத்து, பத்து நிமிடம் ஊசியைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்குக்கு முதற்காரணம், விரித்த செப்புக்குழாய் முனையைப் பூட்டும் பிளெயர் நட்டை மனக்கணக்கில் இறுக்குவது. கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், 3/8 அங்குலக் குழாய்க்கு 34 முதல் 42. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது. அதிகம் இறுக்கினால் செப்பின் விளிம்பு நசிந்து ஆறு மாதத்தில் கேஸ் போகும்.

ஒரு பம்பைச் சுற்றி இருபது மாணவர் நிற்கும் வகுப்பில் கேஜும் இல்லையென்றால் நிமிடத்தை எண்ணுவதுதான் பழக்கமாகும். இந்தத் தாள் கையில் இருந்தால் நீங்கள் நிலையத்திடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும். "உங்கட பெடியளுக்கு வேலை தெரியாது" என்ற குறை போய், "இந்த இரண்டு வரிசைதான் குறை, ஒரு கேஜும் கழற்றிய இரண்டு பழைய யூனிற்றும் தாறம், செய்முறையில சேர்ப்பீங்களா?" என்று பேச்சுத் தொடங்கும். பொறுப்பதிகாரிகள் இரண்டாவது மாதிரி வருபவர்களை மறப்பதில்லை.

ஹோட்டல் முன்மேசைக்கும் இதே கதைதான். "இங்கிலீஸ் போதாது" என்பார்கள். தாளில் உடைத்துப் பார்த்தால், பேச்சு ஓரளவுக்கு வரும். இணையப் பதிவில் எந்தக் காசு முன்கூட்டியே கட்டியாயிற்று, எது இங்கே வாங்க வேண்டும், வராமல்விட்டவருக்கு என்ன விதி என்று வாசித்துப் பிரிக்கத்தான் தெரியாது. அது இரண்டு பின்னேரத்தில் படிப்பிக்கக்கூடிய விடயம். அதற்கு ஒரு வருடத்து ஆங்கில வகுப்புக்கு அனுப்பத் தேவையில்லை.

## வழி 1: இருக்கிற ஆட்களுக்கே தகைமை

முன்னைய கற்றலை அங்கீகரிக்கும் முறை என்பது இதன் பெயர். பத்து வருடமாகக் கராச்சில் நிற்பவர் மறுபடி வகுப்புக்குப் போகாமல், செய்து காட்டி என்.வி.கியூ. பெறலாம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு ஒவ்வொரு தொழிலுக்கும் தேர்ச்சி நியமம், அதாவது என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவு, வைத்திருக்கிறது. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்ட மட்டம். கைத்தொழிலுக்குப் பெரும்பாலும் மூன்றும் நாலும்தான் கேள்வி.

நடைமுறை இப்படிப் போகும். விண்ணப்பம், பிறகு சான்றுக் கோப்பு: செய்த வேலைகளின் படங்கள், வேலை அட்டைகள், சேவைக் கடிதங்கள். பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் முன் செய்முறை. சில அலகுகளில் மட்டும் தவறினால் எல்லாம் போய்விடாது. தேறிய அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும், மிச்சத்தைப் பின்னர் முடிக்கலாம்.

சறுக்குவது சான்றுக் கோப்பில். நம் பட்டறைகளில் வேலை அட்டை எழுதும் பழக்கம் குறைவு. பத்து வருட அனுபவம் ஒரு தாளிலும் இருக்காது. விண்ணப்பிக்க நினைத்தால் மூன்று மாதத்துக்கு முன்பே வேலை அட்டை தொடங்குங்கள். திகதி, வாகனம் அல்லது இயந்திரம், குறை, செய்த திருத்தம், கையொப்பம் என்ற ஐந்து நிரல் போதும். படம் எடுக்கும்போது ஆளின் முகமும் கையும் வேலையும் ஒரே சட்டத்தில் வரட்டும். தனி இயந்திரத்தின் படத்தை வைத்துக்கொண்டு யார் செய்தது என்று சொல்ல முடியாது.

மறைசெலவு: மதிப்பீட்டு நாட்களில் வேலை இழப்பு, அப்புறம் சம்பள உயர்வு. சான்றிதழ் எடுத்துக்கொடுத்துவிட்டுப் பழைய சம்பளத்தையே கொடுத்தால் அவர் போவார். அந்தப் பயத்தில் சான்றிதழே எடுத்துக்கொடுக்காமல் விடுபவர்கள் உண்டு. அது பலிப்பதில்லை, போக நினைப்பவர் தானே போய் விண்ணப்பித்துக்கொள்வார், உங்களுக்கு அந்த நன்றியும் மிஞ்சாது.

எப்போது பொருந்தும்: கேள்விப்பத்திரத் தேவை உள்ளவர்களுக்கு; பின்னர் பயிற்சியாளரை எடுக்க எண்ணி, முதலில் தன் மூத்தவருக்கு நியமம் என்ன கேட்கிறது என்று தெரியவைக்க விரும்புபவர்களுக்கு. இரண்டாவது பயனைப் பலர் கவனிப்பதில்லை. மதிப்பீட்டுக்குப் போய்வந்தவர் படிப்பிக்கும் விதமே மாறும். புதிய ஆளைத் தராது என்பது இதன் எல்லை.

## வழி 2: படிப்பு முடித்தவரை வேலைத்தலப் பயிற்சிக்கு எடுப்பது

தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள், யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகக் கல்லூரி போன்றவற்றில் நிலையப் படிப்பை அடுத்து சில மாதம், பல பாடநெறிகளில் ஆறு மாதம், வேலைத்தலத்தில் பழக வேண்டும். ஊர்வழக்கில் "ஓஜேடி". ஏ-9 வீதியில் போனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016-இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வாகனம், மின், இயந்திரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் ஆள் தேடுபவர்கள் அதையும் பட்டியலில் சேர்க்கலாம். அங்கிருந்து வருபவருக்கு யாழ்ப்பாணத்தில் தங்குமிடம் யார் பார்ப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

சிறு கடைக்குத் தொடங்க இதுதான் வசதியான வழி. ஆளைப் பார்த்த பிறகு எடுக்கலாம். ஆறு மாதம் பெண்பார்க்கும் படலம் மாதிரி, இரண்டு பக்கமும்.

செலவை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கீழே இருப்பது கணக்கு விளங்குவதற்கான தொகைகள். உங்கள் தொகையை அந்தந்த இடத்தில் வையுங்கள். இரண்டு பேர், ஆறு மாதம்:

- பயணமும் சாப்பாடும் நாளுக்கு 500 ரூபா, மாதம் 26 நாள்: ஒருவருக்கு 78,000, இருவருக்கு 156,000
- மூத்தவரின் நேரம்: முதல் 8 கிழமை நாளுக்கு ஒன்றரை மணி (72 மணி), மிச்சம் 16 கிழமை நாளுக்கு அரை மணி (48 மணி). 120 மணி, மணிக்கு 700 ரூபா வருமான இழப்பு என்றால் 84,000
- பழகும் பொருட்கள்: 40,000
- பாதணி, கைக்கருவி: இருவருக்கு 24,000

மொத்தம் 304,000. இருவரும் நின்றால் தலைக்கு 152,000. ஒருவர் போனால் நின்றவரின் விலை 304,000. கொழும்பில் இருந்து அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிவந்து, ஊர்ச் சம்பளத்தைவிட மாதம் 25,000 கூடக் கொடுத்து, 15,000 வாடகையும் கட்டினால் வருடத்துக்கு மேலதிகமாக 480,000. அவரும் பொங்கலுக்கோ வருசத்துக்கோ போனவர் திரும்பி வராமல் விடலாம். ஒருவரை இழந்த பிறகும் பயிற்சி வழி மலிவாகத்தான் நிற்கிறது.

இனிப் பிசகும் இடங்கள். முதலாவது, பெடியனைத் தேத்தண்ணி வாங்கவும் கடை கூட்டவும் வைப்பது. ஆறு மாத முடிவில் "ஒண்டும் தெரியாது" என்று கடிதம் எழுதுபவர்களும் இவர்கள்தான். முன்னே சொன்ன தாளை அவன் கையிலும் கொடுத்து, மாதக் கடைசியில் புள்ளியை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றுங்கள்.

இரண்டாவது, நாட்காட்டி. நிலையத்தில் அணி வெளியேறும் மாதமும் உங்களுக்கு ஆள் தேவைப்படும் மாதமும் ஒத்துவராது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஹோட்டல்களும் உணவகங்களும் திணறும். அந்தக் கிழமை சேரும் பயிற்சியாளருக்கு யாரும் எதையும் காட்டமாட்டார்கள். திருவிழாவுக்கு ஆள் வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்னே உள்ளே எடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பஸ். வடமராட்சியில் இருந்தும் தீவுப்பகுதியில் இருந்தும் வருபவருக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, மாலை ஏழு மணிக்கு வேலை முடிவது வேலையை விடுவதற்கான காரணம். ஐந்தரைக்கு விடுங்கள். சேரும் முன் தாய் தகப்பனைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுவது நம் ஊரில் எந்த உடன்படிக்கையையும்விடப் பலமானது. "ஹோட்டல் வேலையோ?" என்று முகம் சுளிக்கும் வீடுகளில் பாதி, சமையலறையையும் ஓய்வறையையும் கண்ணால் பார்த்த பிறகு இளகும்.

## வழி 3: பயிலுநரைப் பதிந்து வளர்ப்பது

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை வழியாக எழுத்து உடன்படிக்கையோடு எடுப்பது. படிப்பின் பெரும்பகுதி உங்கள் பட்டறையிலேயே நடக்கும். காலம் தொழிலுக்குத் தொழில் வேறு. முடிவில் மதிப்பீடு, தேறினால் என்.வி.கியூ.

ஆள் உங்கள் கையில் முழுதாக உருவாகிறார். உங்கள் இயந்திரத்தின் சத்தம் அவருக்குத் தெரியும். லேத் வேலை, படகு இயந்திரத் திருத்தம், ஐஸ் ஆலைப் பராமரிப்பு போன்ற, வகுப்பறையில் சரியாகக் கற்க முடியாத தொழிலுக்கு இதற்கு ஈடு இல்லை. குருநகர், மயிலிட்டிப் பக்கத்து மீன்பிடியை நம்பி நடக்கும் பட்டறைகள் வெளியே ஆள் தேடிக் களைப்பதைவிட இதில் இறங்குவது நல்லது.

விலையும் பெரிது. நியமம் கேட்கும் எல்லா அலகும் உங்கள் பட்டறையில் நடக்க வேண்டும். நீங்கள் பெட்ரோல் வாகனம் மட்டும் பார்ப்பவர் என்றால் டீசல் பம்ப் பகுதிக்கு அவரை இன்னொரு கராச்சுக்குச் சில கிழமை அனுப்ப வேண்டிவரும். யாரிடம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நாட்குறிப்பில் கிழமைதோறும் கையொப்பம் வேண்டும். மூன்று மாதக் குறிப்பை ஒரே இரவில் ஒரே பேனையால் எழுதினால் பார்வையிட வரும் அலுவலர் முதற்பக்கத்திலேயே கண்டுபிடிப்பார்.

வயதைக் கவனியுங்கள். வேலைக்கான குறைந்த வயது 16. 18-க்குக் கீழ்ப்பட்டவரை ஆபத்தான வேலைக்கு விட முடியாது. கூரை ஏறுவது, மும்முனை மின்சாரம், அமோனியா ஓடும் குழாய் ஆகிய மூன்றையும் எழுத்திலேயே விலக்கி வையுங்கள்.

உடன்படிக்கை ஒன்றும் இல்லாமல் "ட்ரெயினி" என்று பெயர் வைத்து மூன்று வருடம் வேலை வாங்குவது பயிலுநர் முறை ஆகாது. தற்காலிகம், பழகுநர் என்று பெயரை மாற்றினாலும் சேமலாப நிதிக் கடமை முதல் நாளிலேயே தொடங்குகிறது. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போனால் பழைய மாதங்கள் எல்லாம் மேலதிகக் கட்டணத்தோடு திரும்பி வரும். அரச திட்டத்தில் வரும் பயிற்சியாளருக்கு எது உங்கள் பொறுப்பு, எது அனுப்பும் நிறுவனத்தின் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: டிப்ளோமா, பல்கலைக்கழக இன்டர்ன்

உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா மாணவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான, பொறியியல், தொழில்நுட்ப மாணவர் ஆகியோர் படிப்பின் பகுதியாக வருபவர்கள். மென்பொருள் நிறுவனங்களுக்கு இந்த வழி தெரிந்ததுதான். அவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. நல்ல மாணவரைக் கொழும்பு நிறுவனங்கள் முந்திக் கொத்திக்கொண்டு போகும். ஒரு தவணைக்கு முன்பே இணைப்பாளரிடம் போய், இன்ன செயற்றிட்டம், இன்ன மேற்பார்வையாளர் என்று எழுத்தில் கொடுத்தவருக்கே ஆள் கிடைக்கும்.

மற்றத் துறைக்காரர் இந்த வழியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். இன்டர்ன் உங்கள் ஆள் பற்றாக்குறைக்கு மருந்தில்லை. வேலை பிடிபடும் நேரத்தில் காலம் முடிந்துவிடும். எழுதப்படாமல் கிடக்கும் ஒரு வேலையை முடித்துவைக்கத்தான் அவரை வைத்துக்கொள்ள வேண்டும். பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் பொதி செய்து புலம்பெயர்ந்தோருக்கு அனுப்பும் ஒரு சிறு ஆலையில் சுத்திகரிப்பு அட்டவணை, ஈரப்பதப் பதிவு, தொகுதி இலக்கம், லேபல் விபரம் எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கும். உணவுத் தொழில்நுட்ப மாணவர் ஒருவர் ஆறு மாதத்தில் அவற்றைத் தாளில் கொண்டுவந்துவிடலாம். கணக்கியல் டிப்ளோமா மாணவர் ஒருவர் ஹார்ட்வெயார் கடையின் சரக்கிருப்பை மென்பொருளுக்கு மாற்றித் தரலாம். ஆள் போனாலும் செய்த வேலை கடையில் தங்கும்.

மறைசெலவு: ஒரு மேசை, ஒரு கணினி, கிழமைக்கு ஒரு மணி உட்கார்ந்து பார்க்கும் மேற்பார்வையாளர். கடைசி மாதம் அறிக்கை எழுதப் போய்விடுவார் என்பதால் ஆறு மாதத்தை ஐந்தாக எண்ணுங்கள். வாடிக்கையாளர் தரவு எதைத் தொடலாம், எதை அறிக்கையில் போடக்கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

## வழி 5: நாலு கடை சேர்ந்து ஒரு குறுங்கால வகுப்பு

உங்களுக்கு மூன்று பேரைப் பழக்க வேண்டும். நிலையத்துக்குப் பன்னிரண்டு பேராவது இல்லாமல் வகுப்பு கட்டாது. அப்படியானால் நாலு கடை. ஆம், போட்டிக் கடைகள்தான்.

பாடத்தில் உங்கள் கை ஆகக்கூடப் படுவது இங்கேதான். எட்டுச் சனிக்கிழமை, நாளுக்கு ஐந்து மணி, மொத்தம் 40 மணி. இரண்டு பேருக்கு ஒரு மேசை, ஆறு மேசை. ஏசி உதாரணத்தில் ஒவ்வொருவரும் பத்துப் பிளெயர் அடிக்க வேண்டும் என்று வைத்தால் 120 முனை. 15 சென்ரிமீற்றர்த் துண்டில் இரு முனையிலும் அடிக்கலாம், ஆக 60 துண்டு, 9 மீற்றர். 15 மீற்றர்ச் சுருள் ஒன்று வாங்கினால் மிச்சம் பற்றவைப்புக்கு உதவும். பொருட்செலவு பயப்படுமளவுக்கு இல்லை. மேசை ஒவ்வொன்றுக்கும் கேஜும் பம்பும் தேடுவதுதான் பாடு. அதைக் கடைகள் சனிக்கு இரவலாகக் கொண்டுவரலாம்.

மொழி இங்கே ஒரு வெளிப்படையான இலாபம். இறக்குமதியாளர்கள் கொழும்பில் நடத்தும் தொழில்நுட்பப் பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். போய்வந்த பெடியன் தலையாட்டிவிட்டு வந்திருப்பான். பிழைக் குறியீட்டு அட்டையைத் தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லை அப்படியே வாசிக்கப் பழக்கும் இரண்டு மணி, அந்தப் பயணத்தின் பயனை இரட்டிப்பாக்கும்.

பிசகுவது இரண்டு. ஒன்று, ஆள் இழுப்பு: வகுப்பில் பழகிய இரண்டு பெடியள் மூன்றாம் மாதம் எதிர்க்கடையில் நிற்பார்கள். "இழுக்கமாட்டோம்" என்ற வாக்குக்கு ஆயுள் குறைவு. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வகுப்புச் செலவின் பங்கை எடுத்தவர் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். போகிறவரின் சுதந்திரம் கெடாது, விட்டவரின் வயிறும் எரியாது.

இரண்டாவது, இடமாற்றம். ஆர்வமுள்ள ஒரு அதிகாரியின் முகத்தை நம்பி எல்லாம் தொடங்கும். அவருக்கு வவுனியாவுக்கோ மன்னாருக்கோ மாற்றம் வந்த மாதம் வகுப்பும் போய்விடும். உடன்படிக்கையில் ஆளின் பெயரை விட்டுப் பதவியை எழுதுங்கள். பொன்னாடை, படம், பத்திரிகைச் செய்தி எல்லாம் முதல் வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்த பிறகு ஒரு வகுப்பும் நடக்காத புரிந்துணர்வு உடன்படிக்கைகள் இந்த ஊரில் குறைவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | தனியாக அனுப்பும் காலம் | மூத்தவர் நேரம் | பெரிய மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அனுபவத்துக்குத் தகைமை | ஏற்கெனவே தனியாகச் செய்பவர் | குறைவு | சம்பள உயர்வு, கோப்பு எழுதும் பாடு | கேள்விப்பத்திரக்காரர், பழைய பட்டறைகள் |
| வேலைத்தலப் பயிற்சி | 6 முதல் 9 மாதம் | நடுத்தரம் | போகிறவரின் பங்கு | 5 பேருக்கு மேல் உள்ள பெரும்பாலான கடைகள் |
| பதிவு பெற்ற பயிலுநர் | ஒரு வருடத்துக்கு மேல் | மிக அதிகம் | எல்லா அலகையும் காட்டும் பொறுப்பு | லேத், படகு, குளிர்களஞ்சிய வேலைகள் |
| இன்டர்ன் | ஆளாக எண்ண வேண்டாம் | கிழமைக்கு ஒரு மணி | முடிவில் ஆள் போவது | ஆவணம், மென்பொருள், கணக்கு |
| கூட்டு வகுப்பு | இருப்பவரின் ஒரு குறை 2 மாதத்தில் தீரும் | சனிக்கிழமைகள் | ஆள் இழுப்பு, அதிகாரி மாற்றம் | ஒரே தொழிலில் நாலு கடை உள்ள இடம் |

காலங்கள் சராசரிக் கடைக்கான மதிப்பீடு. உங்கள் தொழிலுக்குக் கூடும், குறையும்.

## பிணை எழுதுவதா?

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்வி வரும். இரண்டு வருடம் நிற்காவிட்டால் இரண்டு இலட்சம் என்று எழுதி வாங்குவது பலருக்கு மனநிம்மதி. உண்மையில் செய்த செலவுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் வழக்கில் நிற்பது கடினம். வழக்குச் செலவோ அதைத் தாண்டும். மூலச் சான்றிதழை வாங்கி அலுமாரியில் பூட்டுவது அதைவிட மோசம். நியாயமும் இல்லை, ஊரில் பெயரும் கெடும்.

அந்தக் காசை மறுபக்கம் வையுங்கள். ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாத முடிவில் இன்ன தொகை என்று சேரும் நாளே கையில் எழுதிக் கொடுங்கள். கூடவே தாளின் எத்தனை வரிசையில் 3 எடுத்தால் சம்பளம் எவ்வளவு என்ற ஏணியும். போக நினைப்பவர் பதினோராம் மாதத்தில் ஒரு மாதம் பொறுப்பார். அந்த ஒரு மாதத்துக்குள் அடுத்தவரைப் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

## யாரும் எடுக்கக்கூடாத நேரம்

தாளை நிரப்பிப் பார்த்ததில் எல்லா வரிசைக்கும் 3 போடக்கூடிய ஒருவர்கூடக் கடையில் இல்லை, அல்லது இருக்கும் ஒருவர் காலை ஏழு முதல் இரவு எட்டுவரை வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால் இந்த வருடம் பயிற்சியாளரை எடுக்காதீர்கள். வருபவர் ஆறு மாதம் சும்மா நின்றுவிட்டு, உங்கள் கடையைப் பற்றி நிலையத்தில் சொல்லும் கதை அடுத்த மூன்று அணியையும் தடுக்கும். அந்தக் காசில் மூத்தவரையே முதலில் ஒரு பயிற்சிக்கு அனுப்புங்கள், அல்லது அவருக்கு உதவியாளரை வைத்து நாளுக்கு ஒரு மணி நேரத்தை விடுவியுங்கள். அந்த ஒரு மணி இரண்டு மாதம் தொடர்ந்து கிடைத்த பிறகு நிலையத்துக்குக் கடிதம் எழுதலாம். எழுதும்போது தாளின் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.